எழுத்து படமாகும் விதம்

ஓர் எழுத்தின் பெயரைச் சொல்லுவது வேறு. அவ்வெழுத்தை வரைந்து காட்டுவது வேறு. 'பகரத்தின்மேல் ஒகரம் ஏறியது' என்று சொன்னால் தமிழறிந்தவர் உடனே 'பொ' என்று எழுதிவிடுவார். தமிழறியாதவர் என்ன செய்வார்? அவருக்கு அவ்வெழுத்தை நாமே வரைந்து காட்டவேண்டும். அவர் அதைப் பார்த்து, கோடு தவறாமல், பொருள் அறியாமலேயே, படி எடுத்துவிடுவார்.

கணிப்பொறியின் உலகிலும் இவ்விரண்டு முறைகளும் உண்டு. சொற்செயலியில் நாம் தட்டச்சு செய்து வைக்கும் கோப்பு, எழுத்துகளின் பெயர்களைச் சொல்லும் கோப்பு. படக்கோப்போ எழுத்தை வரைந்து காட்டும் கோப்பு. முன்னதைப் பின்னதாக மாற்றுவது எங்ஙனம், எப்போது மாற்றவேண்டும், மாற்றுவதால் நாம் இழப்பது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். தமிழ் வழங்காத ஊரில் வாழும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்கான ஆராய்ச்சி அன்று. ஏன் என்பதற்குச் சென்ற பொங்கல் விழாவே சான்று.

சென்ற பொங்கலில் நேர்ந்தது

விழாவிற்கு ஆறடி அகலமும் மூன்றடி உயரமும் கொண்ட பதாகை ஒன்று வேண்டியிருந்தது. வாசகத்தைச் சொற்செயலியில் அமைத்து, கோப்பை அப்படியே கடைக்கு அனுப்பிவைத்தேன். கடைக்காரர் தமிழ் அறியாதவர், ஆயினும் நல்லவர், சொன்ன நேரத்தில் அச்சிட்டுக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தோம். 'பொங்கல்' என்ற சொல்லில் பகரம் தனியே நின்றது. கொம்பும் காலும் அதற்குப் பின்னே போய், தம் நடுவே எழுத்து இருக்கவேண்டிய இடத்தில், புள்ளிகளாலான வெற்று வட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றன. எங்கள் முகம் போன போக்கைக் கண்டு அவருக்கும் வருத்தம். அவர்மீது குற்றம் சொல்ல இயலுமா? வந்ததை அச்சிட்டார்.

அன்றிரவே, கணிப்பொறித் திரையில் தெரிந்ததை அப்படியே படம் பிடித்து, வேண்டிய பகுதியை வெட்டி அனுப்பினேன். மறுநாள் வந்த பதாகையில் எழுத்துகள் இடம் மாறவில்லை. ஆனால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் மாடிப்படிபோல் இருந்தது. முதற்பிழைக்கு ஒரு காரணம். இரண்டாம் பிழைக்கு வேறொரு காரணம். இரண்டையும் ஒவ்வொன்றாக நோக்குவோம். மூன்றாம் பிழை ஒன்றும் செய்தேன். அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

கோப்பில் இருப்பது யாது?

கணிப்பொறிக்கு எண்களே தெரியும். ஆகவே உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்துள்ளனர். யூனிகோடு என்பது அவ்வேற்பாட்டின் பெயர். 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கு உரியவை.

'பொங்கல்' என்ற சொல்லில் நாம் காணும் எழுத்துகள் நான்கு: பொ, ங், க, ல். கோப்பில் இருப்பனவோ ஏழு எண்கள்: 2986, 3018, 2969, 3021, 2965, 2994, 3021. இவற்றுள் 2986 பகரம், 3018 ஒகரக் குறி, 3021 புள்ளி. புள்ளி இருமுறை வந்திருத்தலைக் காண்க. யூ.டி.எஃப்.-8 என்னும் பதிவு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். எனவே 'பொங்கல்' முழுவதும் 21 பைட்டில் அடங்கிவிடுகிறது.

இவ்வெண்களில் வடிவம் எங்கே உள்ளது? எங்கும் இல்லை. வடிவம் எழுத்துரு என்னும் வேறொரு கோப்பில் உள்ளது. ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைப் பகரத்திற்கு முன்னும் காலைப் பின்னும் நிறுத்தும் வேலையைச் செய்வது வேறொரு மென்பொருள். இம்மூன்றும் ஒத்துழைத்தாலன்றி 'பொ' தோன்றாது. கடைக்காரரின் வரைகலை மென்பொருள் எண்களைப் பெற்றது. ஆனால் இந்திய எழுத்துகளைக் கோக்கும் விதி அதற்குத் தெரியவில்லை. கொம்பும் காலும் இடம் மாறியதற்கு இதுவே காரணம்.

இத்துன்பம் தமிழுக்குப் புதிதன்று. யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த எழுத்துருக்கள் பல வழங்கின. பாமினி அவற்றுள் ஒன்று. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கிலச் சிதறல்தான் தெரியும். இந்நிலை தீர 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை அறிவித்தது. பின்னர் 2010-இல் யூனிகோட்டை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய கோப்புகளும் பழைய மென்பொருள்களும் இன்னும் பல இடங்களில் இருந்துகொண்டேதான் இருக்கின்றன.

படம் என்பது யாது?

நெசவாளர் சேலைக் கரையில் அன்னப்பறவையை நெய்யுமுன் கட்டத்தாளில் அதை வரைந்துகொள்வார். எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று குறித்துக்கொள்வார். பாவும் ஊடும் குறுக்கிடும் ஒவ்வோர் இடமும் ஒரு கட்டம். தறிக்கு அன்னம் தெரியாது; இந்த இடத்தில் சிவப்பு, அடுத்த இடத்தில் மஞ்சள் என்பதே தெரியும். ஆயினும் சேலையில் அன்னம் தோன்றுகிறது.

புள்ளிப்படக் கோப்பும் அத்தகையதே. பக்கம் முழுவதையும் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் எண்ணாகக் குறித்து வைப்பதே புள்ளிப்படம். அக்கட்டத்தின் பெயர் பிக்சல். எழுத்துருக் கோப்பில் ஒவ்வோர் எழுத்தும் வளைகோடுகளால் ஆன எல்லைக்கோடாகப் பதிவாகியுள்ளது. மாற்றும் மென்பொருள் அவ்வெல்லைக்கோட்டைக் கட்டத்தின்மீது விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கேட்கிறது: 'நீ கோட்டிற்கு உள்ளே இருக்கிறாயா, வெளியே இருக்கிறாயா?' உள்ளே இருந்தால் கருமை. வெளியே இருந்தால் வெண்மை. பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தால்? அப்போது சாம்பல் நிறம் கொடுத்துவிடுகிறது. இதனால் விளிம்பின் கரடு கண்ணுக்கு ஓரளவு மறைகிறது.

மாற்றம் முடிந்தபின் கோப்பில் 'பொங்கல்' என்ற சொல் இல்லை, எண் 2986 இல்லை, தமிழே இல்லை. கருப்பும் வெளுப்புமான கட்டங்களே உள்ளன. தமிழ் அறியாத கணிப்பொறியும் இதைப் பிழையின்றிக் காட்டும். படத்தின் வலிமையும் இதுதான், குறைபாடும் இதுதான்.

எத்தனை புள்ளி வேண்டும்?

ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல்களை அடுக்குகிறோமோ அதுவே படத்தின் பிரிதிறன். அச்சுக்கு 300 வேண்டும் என்று எல்லாரும் சொல்லுகின்றனர். அந்த 300 எங்கிருந்து வந்தது?

நல்ல கண்ணுக்கு இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியவேண்டுமானால், அவை கண்ணில் அமைக்கும் கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். புத்தகத்தை 30 செ.மீ. தொலைவில் வைத்துப் படிக்கிறோம். அத்தொலைவில் இக்கோணத்திற்குரிய நீளம் 0.087 மி.மீ. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; வகுத்தால் 292 வரும். ஆகவே அங்குலத்திற்கு 300 புள்ளி இருப்பின், கண் அவற்றைத் தனித்தனியே காணாது. தொடர்ந்த கோடாகவே காணும்.

இக்கணக்கையே பதாகைக்கும் போடுவோம். அதை மூன்று மீட்டர் தொலைவில் நின்று பார்க்கிறோம். தொலைவு பத்து மடங்கு. ஆகவே நீளமும் பத்து மடங்கு, அதாவது 0.87 மி.மீ. அங்குலத்திற்கு 30 புள்ளியே போதும் போலும்! அருகில் வந்து பார்ப்பாரையும் எண்ணி 72 வைத்துக்கொள்ளலாம். நான் செய்தது என்ன? திரையிலிருந்து வெட்டிய பகுதி 1200 பிக்சல் அகலமும் 600 பிக்சல் உயரமும் உடையது. அதை 72 அங்குல அகலத்திற்கு விரித்தால் அங்குலத்திற்கு 17 பிக்சல்கூட இல்லை. ஒவ்வொரு பிக்சலும் ஒன்றரை மி.மீ. சதுரமாகிவிட்டது. கண் அதைக் கண்டுபிடித்துவிட்டது. மாடிப்படியின் மர்மம் இவ்வளவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. படத்தை எடுத்தபின், மென்பொருளில் '72' என்ற எண்ணை '300' என்று மாற்றிவிட்டால் படம் தெளிவாகும் என்று நம்புவோர் உளர். அஃது, அடிக்கோலின் கோடுகளை நெருக்கி எழுதிவிட்டுத் துணி நீண்டுவிட்டது என்று மகிழ்வது போன்றதாகும். எடுக்கும்போது இல்லாத நுட்பம் பின்னர் வாராது.

அதற்காக எல்லாவற்றையும் மிகப் பெரிதாக எடுத்துவிடலாமா? அதற்கும் விலை உண்டு. ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உடையது. அங்குலத்திற்கு 300 புள்ளி என்றால் 2480 × 3508 பிக்சல். ஏறத்தாழ 87 இலட்சம். ஒரு பிக்சலின் நிறத்திற்கு மூன்று பைட்டு என்றால், சுருக்காத நிலையில் 2 கோடியே 61 இலட்சம் பைட்டு. அதே பக்கத்தில் 1,800 குறியீடுகள் இருப்பின் எழுத்தாகப் பதிய 5,400 பைட்டு போதும். ஏறத்தாழ ஐயாயிரம் மடங்கு வேறுபாடு! பிரிதிறனை இரட்டித்தால் கோப்பு இரட்டிக்காது, நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற் கொள்க. வண்ணம் வேண்டாத பக்கத்தைச் சாம்பல் நிறப் படமாக எடுத்தால் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

புள்ளியின் பெருமை

தமிழுக்கென்று ஒரு தனிச்சிக்கல் உண்டு. அது மெய்யெழுத்தின் புள்ளி. பன்னிரண்டு பாயிண்டு அளவுள்ள எழுத்தின் கட்டம் ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. அங்குலத்திற்கு 96 என்று எடுத்தால் அக்கட்டத்திற்கு 16 பிக்சலே கிடைக்கும். புள்ளி அதில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் ஒன்றரைப் பிக்சல். மேலே சாம்பல் பூசியதுபோல் ஏதோ தெரியும். சற்றே சுருக்கி அனுப்பினால் அதுவும் மறையும். 300 வைத்து எடுத்தால் அதே புள்ளிக்கு ஐந்து பிக்சல் கிடைக்கும்.

புள்ளி போனால் என்ன என்று கேட்கலாமோ? 'பல்' என்பது 'பல' ஆகும்; 'கண்' என்பது 'கண' ஆகும். ஓலையில் எழுதியோர், துளைபடும் என்று அஞ்சிப் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டனர் என்பர். அதனால் ஏடு பதிப்பித்த பெரியோர் பட்ட பாடு சிறிதன்று. இது மெய்யோ உயிர்மெய்யோ, இது குறிலோ நெடிலோ என்று ஒவ்வோரிடத்தும் ஆராய்ந்து தெளிய வேண்டியிருந்தது. அச்சு வந்து அக்குறையைத் தீர்த்தது. தீர்ந்த குறையை நம் கவனக்குறைவால் மீண்டும் வரவழைத்தல் நன்றன்று.

சுருக்கும் முறைகள்

படக்கோப்பு பெரிது என்றோம். அதைச் சுருக்கும் முறைகள் இரு வகை. ஒன்று, எதையும் இழவாது சுருக்குதல். மற்றொன்று, கண் அறியாது என்று கருதுவதைக் கைவிட்டுச் சுருக்குதல்.

பி.என்.ஜி. முதல் வகையைச் சேர்ந்தது, 1996-இல் வெளிவந்தது. எழுத்துப் பக்கத்தில் பெரும்பகுதி வெண்மை. 'வெள்ளை, வெள்ளை, வெள்ளை' என்று ஆயிரம் முறை எழுதுவதைவிட 'வெள்ளை ஆயிரம்' என்று எழுதுவது எளிதன்றோ? இத்தகைய மறுதோற்றங்களைக் கண்டு சுருக்குவதால், இரண்டு கோடிப் பைட்டுப் பக்கமும் சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். பிரித்தால் ஒரு பிக்சலும் மாறாமல் மீளும்.

ஜேபெக் இரண்டாம் வகை. 1992-இல் தரமாக ஏற்கப்பட்டது. அது படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றி, நுண்ணிய அலைகளைக் குறைத்துவிடுகிறது. இக்கொசைன் மாற்றத்தை 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டோர் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் மூவர். அகமது பெங்களூரில் பிறந்தவர். முகம், மரம், வானம் போன்றவற்றுக்கு இம்முறை மிகச் சிறந்தது. அங்கே நிறம் மெல்ல மெல்ல மாறுகிறது. எழுத்திலோ கருமையிலிருந்து வெண்மைக்கு ஒரே தாவல். அத்தாவலை வரைய நுண்ணலைகள் தேவை. அவற்றையே ஜேபெக் வெட்டுகிறது. எனவே எழுத்தைச் சுற்றி ஈ மொய்த்தாற்போல் கறை தோன்றும். ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கறை கூடும். ஆகவே, எழுத்துக்குப் பி.என்.ஜி.; புகைப்படத்திற்கு ஜேபெக் என்பதே சுருக்கமான விதி.

செய்முறை

1. சொற்செயலிக் கோப்பில் எல்லாத் திருத்தங்களையும் முடித்துக்கொள்க. படமான பின் ஓர் ஒற்றுப் பிழையையும் திருத்த இயலாது.

2. தாளின் அளவைத் தொடக்கத்திலேயே சரியாக அமைக்க. மைக்ரோசாஃப்ட் வேர்டில் 22 அங்குலத்திற்கு மேல் தாள் அமைக்க இயலாது. ஆறடிப் பதாகைக்கு 18 × 9 அங்குலத் தாள் அமைத்து, பின்னர் நான்கு மடங்காக அச்சிடச் சொல்லலாம்.

3. கோப்பை முதலில் பி.டி.எஃப். ஆக்குக. எழுத்துருவின் வடிவங்கள் அதனுள்ளேயே பதிந்துவிடும். பக்க அமைப்பும் கலையாது. பல வேளைகளில் இதுவே போதும். படமாக்க வேண்டிய தேவையே இராது. கடையில் முதலில் இதைக் கேட்டுப் பார்க்க.

4. படமே வேண்டும் என்றால், பி.டி.எஃப். கோப்பைக் கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருளில் திறக்க. எத்தனை பிரிதிறன் என்று அது கேட்கும். கையில் வைத்துப் படிப்பதற்கு 300. திரைக்கு மட்டும் எனில் 150. மேற்சொன்ன 18 அங்குலத் தாளை 288 என்று எடுத்தால் 5184 × 2592 பிக்சல் வரும். ஆறடிக்கு அங்குலத்திற்கு 72 ஆகும். பக்கம் பல எனின், பாப்ளர் தொகுதியிலுள்ள கருவி ஒவ்வொரு பக்கத்தையும் தனிப் படமாக எடுத்து, வரிசை எண்ணும் இட்டுவிடும்.

5. பி.என்.ஜி. வடிவில் சேமிக்க. பின்னர் முழு அளவில் விரித்து, ஒற்றெழுத்தின் புள்ளி, கொம்பு, சுழி ஆகியவற்றை ஒருமுறை பார்க்க.

6. வாட்ஸ்அப் வழியே அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புக. படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும்.

7. மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்கலாகாது.

படம் பேசாது

இனி என் மூன்றாம் பிழை. பதாகைக்குச் செய்த படத்தையே அழைப்பிதழாகவும் கொண்டு, சங்கத்து உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பினேன். அழகாக இருக்கிறது என்று பலரும் எழுதினர். நம் உறுப்பினருள் பார்வையற்ற தம்பி ஒருவர் உண்டு. அவருடைய கைப்பேசி, வந்த செய்தியை உரக்கப் படித்துக் காட்டும். அன்று மாலை அவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, நீங்க அனுப்பினதைத் தொட்டா 'படம்'னு மட்டும் சொல்லுது. விழா எத்தனை மணிக்கு?" என்றார். குறை சொல்லும் குரலே அன்று அது. பழகிப்போன குரல். அதுதான் என்னைச் சுட்டது.

கோப்பில் அந்த எண்கள் இருந்தபோது கைப்பேசி அவற்றைத் தமிழாகப் படித்திருக்கும். நானே அவற்றைக் கட்டங்களாக்கிவிட்டேன். கடைக்காரரின் கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாத குறையைப் போக்கப் போய், தமிழ் தெரிந்த ஒருவருக்கு அதை மறைத்துவிட்டேன். அவருக்கு மட்டுமோ? அடுத்த ஆண்டு யாரேனும் நம் சங்கத்துப் பழைய கோப்புகளில் 'பொங்கல்' என்று தேடினால் அப்படம் அகப்படாது. ஒரு வரியை எடுத்து மேற்கோளாகச் சேர்க்க இயலாது. டெசராக்ட் போன்ற மென்பொருள்கள் படத்திலிருந்து தமிழெழுத்தை மீட்டுத் தருகின்றன என்பது உண்மையே. ஆயினும் ஏட்டைப் படிப்பவர் ஐயுறுவதுபோல அவையும் ஐயுறும். புள்ளி தெளிவில்லாத படமாயின் பெரிதும் தவறும். வைத்திருந்ததைத் தொலைத்துவிட்டுத் தேடுவானேன்?

நண்பர்களே! படம் எழுத்தின் மெய்யைக் காக்கும், உயிரைக் காவாது. கடைக்கும் சுவருக்கும் படம் அனுப்புவோம். மனிதருக்கு அனுப்பும்போது படத்தின் கீழே நான்கு வரி எழுத்தாகவும் எழுதி அனுப்புவோம். அதற்கு ஆகும் செலவு சில நூறு பைட்டும் இரண்டு நிமிடமும்தான். இவ்வாண்டுப் பொங்கல் அழைப்பை அவ்வாறே அனுப்புவதென்று முடிவு செய்துள்ளோம். வாசகத்தை எழுதித் தருவதாக அத்தம்பியே ஒப்புக்கொண்டிருக்கிறார்.